ரோஜா வந்த வழி – 9: வேலியில் முளைத்த எதுவார்

ஒரு புதிய ரோஜாவை உருவாக்க இன்று குறைந்தது ஏழெட்டு ஆண்டு உழைப்பு வேண்டும். தாய்ச் செடியின் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்து, தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, காய் பழுக்கும்வரை காத்திருந்து, விதை முளைத்த பிறகும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டும். இந்த இதழில் வரப்போகும் ரோஜாவுக்கு அப்படி எவரும் மெனக்கெடவில்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் எழுந்து நிற்கும் ஓர் எரிமலைத் தீவின் வயல்வேலியில் அது தானாக முளைத்தது. பார்த்த ஒருவர் பிடுங்கி எறியாமல் விட்டார். அதிலிருந்து கிளைத்த வம்சம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பியத் தோட்டங்களில் கோலோச்சியது.

தீவின் இன்றைய பெயர் ரீயூனியன். 1649-இல் பிரெஞ்சு அரச குலத்தின் பெயரை இட்டு ‘புர்போன்’ என்றார்கள். 1793-இல் புரட்சி அரசு அதைத் துடைத்துவிட்டு ‘ரீயூனியன்’ என்றது. 1806-இல் அது ‘பொனபார்த் தீவு’ ஆயிற்று. 1810-இல் பிரிட்டிஷ் படை பிடித்ததும் பழைய ‘புர்போன்’ திரும்பியது. 1815-இல் பிரான்ஸ் கைக்குத் தீவு மீண்ட பிறகும் அந்தப் பெயரே நீடித்தது. 1848-இல் மறுபடி ‘ரீயூனியன்’. இத்தனை பெயர் மாற்றங்களுக்கு நடுவே ‘புர்போன்’ நிலைத்திருந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் ரோஜா உலகின் கண்ணில் பட்டது. தீவு தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டது. ரோஜா இன்னும் வைத்திருக்கிறது.

சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை. கடல் காற்று கிழக்குக் கரையில் மோதி மழையாகக் கொட்டும். அந்த ஈரக் கரையில் இருக்கும் ஊர் சேன் பெனுவா. கிராம்பையும் ஜாதிக்காயையும் அந்த மண்ணில் பழக்கிய யோசெஃப் உபேர் என்ற தாவர ஆர்வலர் வாழ்ந்த வட்டாரம் அதுதான். எங்கிருந்தோ வந்த செடியை நட்டுப் பார்ப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

தீவில் நிலத்தைச் சுற்றி ரோஜா வேலி போடுவார்கள். இரண்டு வரிசை. முள்ளுக்கு முள்ளும் ஆயிற்று, பூவுக்குப் பூவும் ஆயிற்று. குச்சியை வெட்டி ஊன்றினாலே வேர் பிடிக்கும். ஒரு வரிசையில் சீன ரோஜா, மற்றதில் ‘நான்கு பருவ ரோஜா’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த இலையுதிர்கால டமாஸ்க் ரோஜா. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றதுதான் கதையின் முடிச்சு.

டமாஸ்க் ரோஜா முந்தைய இதழ்களில் விரிவாக வந்த ஒன்று. பன்னீருக்கும் அத்தருக்கும் மூலம். 2000-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது காலிகா, மஸ்க், நடு ஆசியாவின் ஃபெட்சென்கோவானா என்ற மூன்று காட்டு ரோஜாக்களின் கலப்பு அது என்று தெரிந்தது. அதில் இலையுதிர்கால வகை மட்டும் கோடையில் ஒருமுறை பூத்து ஓயாமல், பிறகும் கொஞ்சம் பூக்கும். வேலியின் மறு வரிசையில் நின்ற சீன ரோஜா, ‘பழைய பிளஷ்’ என்று இன்று அறியப்படும் இளஞ்சிவப்பு வகை. வாசனை மெல்லியது, இதழ் மெல்லியது. ஆனால் குளிர் இல்லாத இடத்தில் பன்னிரண்டு மாதமும் பூ நிற்காது. இதன் முழு மரபணுத் தொகுதியை 2018-இல் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். நவீன ரோஜாக்களின் இடைவிடாத பூப்புக்கு வேர் இந்தச் சீனக் குடும்பத்தில்தான் இருக்கிறது.

அந்தக் குணத்தில் ஒரு சிக்கலும் உண்டு. அது ஒடுங்கு பண்பு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் ஐரோப்பிய ரோஜாவோடு சீன ரோஜாவைக் கலந்தால் முதல் தலைமுறைப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். பாரிஸிலும் லண்டனிலும் பல தோட்டக்காரர்கள் இந்த இடத்தில் தடுமாறினார்கள். சேன் பெனுவா வேலியிலோ பெற்றோர் இருவருமே மறுபடி பூக்கும் ஜாதி. தேனீ செய்த கலப்பு, மனிதர்கள் யோசித்துச் செய்ததைவிட நல்ல பொருத்தமாக அமைந்துவிட்டது.

இங்கிலாந்தின் தாமஸ் ரிவர்ஸ் ரோஜா வளர்ப்போருக்காக 1837-இல் எழுதிய கையேட்டில் அந்தக் கண்டுபிடிப்பைச் சொல்கிறார். சேன் பெனுவாவில் நிலம் வைத்திருந்த பெரிஷோன் என்பவர் புதிதாக வேலி நடும்போது, இளஞ்செடிகளுக்கு நடுவே ஒன்று தண்டிலும் இலையிலும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருப்பதைக் கவனித்தார். அதைத் தனியே எடுத்துத் தன் தோட்டத்தில் நட்டார். மறு ஆண்டு பூத்தது. இரண்டு வரிசையிலும் இல்லாத பூ அது. தீவில் அதை ‘ரோஸ் எதுவார்’ என்றார்கள். எதுவார் என்பது பெரிஷோனின் முன்பெயர் என்பதே பரவலான வழக்கு. கல்கத்தாவிலிருந்து தீவுக்குச் சென்ற செடிதான் இது என்று வாதிட்ட ரோஜா ஆய்வாளர்களும் உண்டு. எனினும் பெற்றோர் இருவரும் வேலியாகவே நின்ற தீவைப் பிறந்த வீடாகக் கொள்வதில் பொருத்தம் அதிகம்.

இந்த இடத்தில் வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நிற்க வேண்டும். நில உரிமையாளர் பெரிஷோனின் பெயர் எழுத்தில் இருக்கிறது. ஆனால் 1810-களின் புர்போன், அடிமை உழைப்பில் நடந்த தீவு. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள் காபித் தோட்டத்திலும் கரும்பிலும் உழைத்தார்கள். இந்தியாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். குழி தோண்டியதும் குச்சி ஊன்றியதும் களை பறித்ததும் அந்தக் கைகள். 1841-இல் அதே தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவின் மடலை ஒரு சிறு குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை ஒற்றிச் சூல் கொள்ள வைக்கும் வழியைக் கண்டான். உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் அவன் வழியில்தான் நடக்கின்றன. செடியை உற்றுப் பார்க்கும் கண் அங்கே நிலம் வைத்திருந்தவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. வேலியில் மாறுபட்ட அந்த நாற்றை முதலில் பார்த்தவர் யார் என்ற கேள்வியைப் பெரிஷோனின் பெயரோடு மூடிவிட மனம் ஒப்பவில்லை.

1817-இல் பாரிஸிலிருந்து ழான் நிக்கோலா பிரெயோன் தீவுக்கு வந்து, தலைநகர் சேன் தெனியில் இருந்த அரசுத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். ரோஸ் எதுவாரின் மதிப்பு அவருக்கு உடனே புரிந்தது. பதியம் போட்டுப் பெருக்கினார், விதை சேகரித்தார். 1819-இல் அந்த விதைகள் கடல் கடந்து பாரிஸ் அருகே நுய்யீ கோட்டைத் தோட்டத்துக்குப் போயின. அங்கே தலைமைத் தோட்டக்காரர் அந்துவான் ழாக். அவருடைய எசமானர் ஓர்லேயான் கோமகன், பின்னாளில் பிரான்ஸ் மன்னரான லூயி பிலிப். ழாக் விதையிட்டார், ஒரு சில செடிகள் மட்டும் வந்தன, 1821-ஐ ஒட்டிப் பூத்தன. (செடியும் விதையும் 1822-இல் அனுப்பப்பட்டன என்பது ரிவர்ஸ் தரும் கணக்கு.) அவற்றில் சிறந்ததற்கு ‘புர்போன் தீவின் ரோஜா’ என்று பெயர் வைத்து மற்றத் தோட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

மலர் ஓவியர் பியேர் ழோசெஃப் ரெதுத்தே அப்போது ரோஜாக்களைப் பற்றிய தன் பெருந்தொகுப்பை வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1817-இல் தொடங்கி 1824-இல் முடிந்த பணி. அதில் இந்தத் தீவு ரோஜாவுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. படத்தின் கீழே, ஐரோப்பிய வேலியோரக் காட்டு ரோஜாவான கனினாவின் ஒரு வகை என்று குறித்திருக்கிறார்கள். தவறான வகைப்பாடுதான். ஆனால் புதிதாக ஒரு வம்சம் வந்து நிற்கும்போது எந்தப் பெட்டியில் போடுவது என்று அறிஞர்களும் திகைத்தார்கள் என்பதற்கு அந்தப் படக்குறிப்பே சாட்சி.

அதன்பின் லியோன், பாரிஸ், அன்ஜேர் என்று பிரான்சின் நாற்றங்கால்களெல்லாம் புர்போன் ரோஜாவைக் கையில் எடுத்தன. 1843-இல் லியோன் நகரத்து ழான் பெலூஸ் என்ற நாற்றங்கால்காரர் வெளியிட்ட ‘சுவனிர் த லா மால்மேசோன்’ இந்தக் குலத்தின் மகுடம். பெயருக்கு ‘மால்மேசோன் நினைவு’ என்று பொருள். நெப்போலியனின் மனைவி ஜோசபின் ரோஜாக்களைச் சேர்த்து வளர்த்த மாளிகை மால்மேசோன். ரஷ்ய அரச குடும்பத்தவர் ஒருவர் இந்த ரோஜாவைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னதாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜோசபின் இறந்தது 1814-இல். அவர் பெயரோடு என்றென்றும் சேர்ந்துவிட்ட இந்தப் பூவை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

அந்தப் பூவைக் கிட்டப் பார்க்க வேண்டும். மொட்டில் கொஞ்சம் அழுத்தமான இளஞ்சிவப்பு. விரிய விரியச் சந்தனமும் பாலும் கலந்தாற்போல வெளுக்கும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகத் திறந்ததும், நடுவில் இதழ்கள் நான்கு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் புடவைக் கொசுவம் போல அடுக்கடுக்காக மடிந்து நிற்கும். இன்றைய கடை ரோஜாவில் இருக்கும் கூர்மையான நடுக்கூம்பு இதில் கிடையாது. ஒரு குறையும் உண்டு: மழை. இதழ் மெல்லியது, எண்ணிக்கையோ அதிகம். விரியும் நேரத்தில் நனைந்தால் வெளி இதழ்கள் காகிதம் போல ஒட்டிக்கொள்ள, மொட்டு திறக்காமலேயே பழுப்பேறி அழுகும். டப்ளின் நகரத்துச் செயின்ட் ஆன்ஸ் தோட்டத்தில் இதன் ஒரு கிளை தானாக மாறி, சில இதழ்ச் சுற்றுகளே உள்ள பூவைத் தந்தது. இதழ் குறைந்ததால் மழையிலும் அது தடையில்லாமல் விரியும். 1950-இல் அது தனி வகையாக விற்பனைக்கு வந்தது. 1853-இல் வந்த மஞ்சள் சாயல் கொடி ரோஜா ‘குளோர் த திழோன்’ வாசனைக்குப் பேர் போனது. அதுவும் மால்மேசோனின் வழித்தோன்றலே. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு, மரபு ரோஜாக்களுக்கென வைத்திருக்கும் புகழ்ப்பட்டியலில் இவை இரண்டுக்கும் இடமுண்டு.

மற்றவற்றை வேகமாகப் பார்க்கலாம். 1851-இல் ‘லூயிஸ் ஒதியே’, கிண்ணம் போன்ற ரோஜா நிறப் பூ. 1868-இல் ‘ஸெஃபிரின் துருவேன்’, முள் இல்லாத தண்டு. குழந்தைகள் நடமாடும் வாசலில் தைரியமாக வளர்க்கலாம். 1872-இல் ‘லா ரேன் விக்டோரியா’. 1881-இல் ‘மதாம் இசாக் பெரேர்’. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாகத் தர வேண்டும்: எல்லா ரோஜாக்களிலும் வாசனை மிகுந்தது எது என்று பழைய ரோஜா வளர்ப்பவர்களைக் கேட்டால், முதலில் வரும் இரண்டு மூன்று பெயர்களில் இது கட்டாயம் இருக்கும். ஊதா கலந்த கருஞ்சிவப்பு, பெரிய பூ, ஏழடிக்கு மேல் வளரும் புதர்.

வாசனை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது; புர்போன் ரோஜாவுக்கு உயிரே அதுதான். ரோஜா மணத்தைத் தாங்கும் வேதிப்பொருட்களில் முக்கியமான இரண்டு, ஜெரானியால், ஃபினைல் எத்தனால். முன்னது எண்ணெயோடு சேரும், அத்தரில் தூக்கலாக இருக்கும். பின்னது தண்ணீரில் கரையும். வாலையில் காய்ச்சும்போது பெரும்பகுதி பன்னீரிலேயே தங்கிவிடும். பன்னீரின் மணம் அத்தரின் மணத்திலிருந்து வேறுபடுவதற்கு இது பெரிய காரணம். மற்ற பல செடிகள் ஜெரானியாலை உண்டாக்கும் வழி வேறு, ரோஜாவின் வழி வேறு என்பதை 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ரோஜா இதழில் ‘நட்எக்ஸ்1’ என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. மணமில்லாத ரோஜாக்களில் அது மிகக் குறைவாகவே இயங்குகிறது. அதிக நாள் வாடாமல் இருக்கட்டும், தண்டு நீளட்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்த தலைமுறைகளில் மணம் எப்படி வழியில் நழுவியது என்பதற்கு அந்த நொதியில் ஒரு விடை இருக்கிறது.

இனி தமிழ்நாட்டுக்கு வரலாம், ஏனென்றால் எதுவாரும் இங்கே வந்திருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளில் ரோஜா என்ற தலைப்பின் கீழ், சமவெளிக்கு ஏற்ற உதிரிப்பூ ரகமாக ‘எட்வர்ட் ரோஜா’ இருக்கிறது. ‘ஆந்திர சிவப்பு ரோஜா’வும் கூட இருக்கிறது. எட்வர்ட் என்றதும் எட்வர்டு மன்னர் பெயரோ என்று நினைக்கத் தோன்றும். அது பிரெஞ்சு எதுவார். ஆங்கிலத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்ததில் உச்சரிப்பு மாறிவிட்டது. இந்தியத் தாவர நூல்கள் ‘ரோசா புர்போனியானா’ என்று குறிப்பதும் இதைத்தான். வடக்கே புஷ்கரில் பூவுக்காகப் பயிரிடுகிறார்கள். வட இந்தியச் சமவெளியில் ஒட்டு ரோஜாவுக்கு வேர்ச்செடியாகவும் இது வெகுகாலம் உழைத்திருக்கிறது. மேலே ஒட்டிய உயர்ரகம் பட்டுப்போன பிறகு அடியிலிருந்து துளிர்த்து, கேட்காமலே கொத்தாக மணப்பூ பூக்கும் செடி சில வீடுகளில் உண்டு. அது எதுவாராக இருக்க நிறைய வாய்ப்பு.

தீவுக்கும் தமிழ் மண்ணுக்கும் வேறொரு கணக்கும் உண்டு. 1848 டிசம்பர் 20-இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கப்பல்கள் வந்தன. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தோர் ‘மலபார்’ என்ற பெயரோடு இன்றும் ரீயூனியனில் வாழ்கிறார்கள்; சேன் பெனுவாவுக்கு அருகிலுள்ள சேன் ஆந்திரேயில் அவர்கள் எழுப்பிய கோயில்கள் இருக்கின்றன. பூ இங்கே வந்தது, ஆட்கள் அங்கே போனார்கள். அதே 1848-இன் தொடக்கத்தில்தான் பாரிஸில் புரட்சி வெடித்து, ழாக் விதையிட்ட நுய்யீ கோட்டையும் எரிந்தது.

‘பன்னீர் ரோஜா’ என்ற பெயரில் நம் சந்தைகளில் விற்பது எப்போதும் ஒரே செடியல்ல. டமாஸ்க் சாயல் உள்ளவையும் எட்வர்டும் ஊருக்கு ஊர் அந்தப் பெயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அடையாளம் கண்டு வாங்க விரும்புபவர்கள் பூவை மட்டும் பார்த்தால் போதாது. செடியைப் பார்க்க வேண்டும். டமாஸ்கின் இலை மங்கலான சாம்பல் பச்சை, தொட்டால் மெத்தென்று இருக்கும். முட்கள் நெருக்கமாக, ஊசியும் கொக்கியுமாகக் கலந்து நிற்கும். எட்வர்டின் இலையில் சீனப் பெற்றோரின் வழவழப்பு தெரியும், முட்கள் தள்ளித் தள்ளி இருக்கும். டமாஸ்க் சமவெளி வெயிலில் ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும். எட்வர்ட் கவாத்துக்குக் கவாத்து மறுபடி பூக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் வைப்பதும் கடினமில்லை. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியில் மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, நிழலில் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் விடும். ஒட்டுக் கட்டத் தேவையில்லை, தன் வேரிலேயே நிற்கும். ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்கு, 45 செ.மீ. குழி எடுத்துத் தொழுவுரம் நிரப்பி நட வேண்டும். வயலில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். புதர் அவ்வளவு விரியும் என்பதைக் கணக்கில் வைத்து வீட்டிலும் சுவரை ஒட்டி நடாமல் தள்ளி நட்டால் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து. பூவை விடியலில், பனி உலரும் முன் பறிக்க வேண்டும்; வெயில் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும். இதழைக் கற்கண்டோடு அடுக்கி வெயிலில் வைத்தால் குல்கந்து.

ஐரோப்பாவில் புர்போன் ரோஜாவின் ஆட்சி எப்படி முடிந்தது? 1867-இல் லியோனில், மால்மேசோன் ரோஜா பிறந்த அதே நகரத்தில், கியோ என்பவரின் நாற்றங்காலில் ஒரு வெள்ளி கலந்த இளஞ்சிவப்புப் பூ விரிந்தது. நீண்ட மொட்டு, கூம்பிய நடு, நிமிர்ந்த தண்டு. ஐம்பது பேர் கொண்ட நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்து நாட்டின் பெயரையே சூட்டியது: ‘லா ஃபிரான்ஸ்’. இன்று பூக்கடையில் தண்டோடு விற்கும் ரோஜாக்களின் மூதாதை. அதன் பிறப்பும், அதற்காகத் தோட்டங்களிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்ட பழைய புதர்களின் கதையும் அடுத்த இதழில்.